ஐந்து மைல் குழாயும் மேட்டு லயத்துப் பீலியும்

எங்கள் தோட்டத்தில் அழகையாவின் பெயரை எடுத்தால் காறித் துப்புகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். துப்பட்டும். ஆனால் யார்மேல் துப்புகிறோம் என்று தெரிந்துகொண்டு துப்பட்டும். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் இராசமணி. பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து, கடைவீதியில் இறங்கி, இரண்டு மைல் மேலே ஏறினால் எங்கள் நெடுங்கல் தோட்டம். அங்கே பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என் புருஷன் மரம் வெட்டும்போது அடிபட்டுச் செத்த பிறகு, என்னையும் என் மகளையும் தோட்டத்து வரிசை வீடான லயத்தைவிட்டு எழுப்பிவிடாமல் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் பெரிய கிளாக்கர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மாக் கணக்கு எழுத அது போதும் என்று தோட்டத்துத் துரையிடம் எனக்காகப் பேசினார். அந்த நன்றி எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

அழகையா எங்கள் பீலிக்காரர். மலை ஊற்றிலிருந்து வாய்க்கால் வழியே வருகிற தண்ணீர் எங்கள் மேட்டு லயத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குழல் வழியாக விழும். அதைத்தான் பீலி என்போம். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். வாய்க்காலில் இலை அடைத்தால் எடுத்துவிடுவதும், மண் சரிந்தால் வெட்டிவிடுவதும், மாடு இறங்காமல் முள் கட்டுவதும் அவர் வேலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் சாக்கு, தோளில் மம்பட்டி, வாயில் ஓயாத திட்டு. பீலிக்கு நேர் கீழே யாராவது பிள்ளையின் பீத்துணியைக் கசக்கினால் போதும், அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவார். பெண்களும் சும்மா இருக்க மாட்டார்கள். "தண்ணிக்குப் பொறந்த மாமியாருல்ல வருது" என்று அவர் காதுபட நையாண்டி செய்வார்கள். அவர் பீலித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "மேல பன்னி உழுதிருக்கு" என்று மம்பட்டியோடு கிளம்பினால், போய்ப் பார்த்தால் பன்றி உழுத தடம் அப்படியே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஆனி பிறந்தால் ஆவணி முடியும்வரை காற்றும் வெயிலும்தான். பீலி நூலாக விழும். குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும், குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். ஆனால் முற்றாக நின்றதில்லை. அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அம்மன் கிருபை என்று இருந்துவிட்டோம். பன்னிரண்டாம் நம்பர் மலைக்கு மேலே, ஒரு பாறையின் அடியில், எந்த வெயிலுக்கும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது. அழகையா ஒருத்தருக்குத்தான் அது தெரியும். கோடையில் அதை மெதுவாக வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்வார். வெளியில் தெரிந்தால் துரை பங்களா ரோசாத் தோட்டத்துக்குப் போய்விடும் என்ற பயம். பெண்டாட்டி மூக்காயிக்குக்கூடச் சொல்லவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடை மோசம். கடைவீதிக் கிணறுகள் எல்லாம் சேறாகிவிட்டன. அப்போதுதான் பெரிய குழாய்த் திட்டம் என்ற பேச்சு வந்தது. மலையில் ஊற்றைக் கட்டி, தொட்டி வைத்து, ஐந்து மைலுக்கு இரும்புக் குழாய் போட்டு, கடைவீதி, கீழ்க் கிராமம், மூன்று தோட்டத்து லயங்கள் எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஐயாயிரம் தலைக்கு மேல் இருந்தால் செலவில் முக்கால் பங்கை அரசாங்கம் கொடுக்கும். மிச்சக் கால் பங்கைச் சனங்கள் போட வேண்டும். கடைவீதியையும் கிராமத்தையும் கூட்டினால் இரண்டாயிரம் தலை தேறாது. மூன்று தோட்டத்து லயங்களையும் சேர்த்தால்தான் ஐயாயிரம். இதை எனக்கு விளக்கமாகச் சொன்னவரே ஜெயரட்ணம்தான். குழாய்க் கமிட்டிக்கு அவர் காரியதரிசி. கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஷுக்ரி முதலாளி பொருளாளர்.

ஒரு நாள் கிளாக்கரையா பிள்ளைக்காம்பராவுக்கு வந்து அழகையாவை அங்கேயே கூப்பிட்டனுப்பினார். நான் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அழகையா, எத்தினை நாளைக்கு இந்தத் தகரக் குழலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கப் போறீர்? இஞ்சினியர் வாறார். கோடையிலும் வத்தாத ஊத்து ஒண்டு வேணும். உமக்குத் தெரியாமல் இந்த மலையில ஒண்டும் இராது எண்டு எனக்குத் தெரியும்."

அழகையா தலையைச் சொறிந்தார். "லயத்துக்குக் குழா வருங்களா?"

"உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடு. லயத்தில பத்துக் காம்பராவுக்கு ஒரு குழாய். என்ரை வாயால சொல்லுறன்."

மூன்று நாள் அழகையா வாய்க்காலோரம் மேலேயும் கீழேயுமாக நடந்துகொண்டே இருந்தார். நாலாம் நாள் இஞ்சினியரைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றைக் காட்டினார். திரும்பி வரும் வழியில் என்னிடம் நின்று, "தொரையா இருந்தா காட்டியிருக்க மாட்டேன் தங்கச்சி. இவரு தமிழாளு. நாம பேசுறதையே பேசுறவரு" என்றார். நானும் ஆமாண்ணே என்றேன். எனக்கு வேலை கொடுத்தவர்மேல் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

அடுத்தது பணம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். கோயில் திருவிழா வந்தால் ஆளுக்கு ஒரு பேரைச் செக்ரோலில், அதாவது சம்பளப் புத்தகத்தில், பிடித்துக்கொள்வது வழக்கம். அதே மாதிரி குழாய்க்கும் மாதம் ஒரு பேர் பிடிக்க வேண்டும் என்றார் கிளாக்கரையா. வருஷத்துக்கு ஒரு பேர் கொடுக்கவே மூக்கால் அழுகிற சனம். மாதா மாதம் என்றதும் லயமே கொதித்தது. மாசி மகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் வாசலில் கூட்டம். கிளாக்கரையா சப்பாத்தைக் கழற்றாமல் வேலிக்கு வெளியே நின்றார். அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். அவர் முடித்ததும், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரர் ஒருவர் எழுந்து, "சொல்றது எல்லாம் சரிங்க. குழா வருமுன்னு யாராச்சும் சூடம் அணைக்கட்டும். நாங்க பேரு குடுக்கிறோம்" என்றார்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியத்துக்கு எங்களிடம் மறுபேச்சு இல்லை. பொய்யாக அணைத்தவன் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்க மாட்டார்கள், நெருப்புக் கொடுக்க மாட்டார்கள். பெரிய கிளாக்கர் லயத்துக் கோயிலில் வந்து சூடம் அணைப்பாரா? அவர் அழகையாவைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அழகையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"கிளாக்கரையா சொன்னது சத்தியம். மேட்டு லயத்துக்குக் குழா வரும். இது நான் சொல்ற சொல்லு" என்று ஓங்கி ஓர் அடி. சூடம் அணைந்தது.

தான் செய்ததற்கோ, கண்ணால் கண்டதற்கோதான் சூடம் அணைப்பார்கள். இன்னொருத்தர் வாக்குக்குத் தன் கையைக் கொடுத்த ஆளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே யாராவது தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. எல்லோருக்கும் குழாய் ஆசை. கிளாக்கரையா அழகையாவின் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பதினாலு மாதம் ஒரு பேர் பிடித்தார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தோம். கருவாடு நின்றது, பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி நின்றது. நான் என் மகளைக் கடைவீதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வைத்திருந்ததையும் தொட்டேன். தலைக்கணக்கு எடுக்க இரண்டு பேர் வந்தபோது பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்ததுகளைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார்கள். தலை எண்ணினால் குழாய் வரும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

ஐம்பத்தைந்தில் குழாய் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் தோளில் தூக்கி மலை ஏற்றினோம். பாறை அடியில் சீமெந்துத் தொட்டி கட்டி ஊற்றை உள்ளே அடைத்தார்கள். அங்கிருந்து குழாய் இறங்கி, எங்கள் லயத்துக்குப் பின்னால் பத்து யார் தூரத்தில், மண்ணுக்கு அடியில், நேராகக் கீழே போய்விட்டது. எங்கேயும் கிளை பிரியவில்லை. அழகையா குழாய்க்கு வெட்டிய கிடங்கை மண் போட்டு மூடுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். பிறகு ஆபீசுக்குப் போய்க் கேட்டார். நானும் பால்மா வாங்க அங்கே நின்றேன்.

"லயத்துக்கு எங்க பிரியுதுங்க?"

"அது ரெண்டாம் கட்டம், அழகையா. முதல்ல பெரிய குழாய். பிறகு சின்னக் குழாய். உமக்கு ஏன் அவசரம்?" என்றார் கிளாக்கரையா, தலை நிமிராமல்.

ஐம்பத்தாறு தை மாதம் கடைவீதியில் திறப்பு விழா. வாழைமரம், தோரணம், நாதஸ்வரம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாங்கள் மலையிலிருந்து இறங்கிப் போய் நின்று, அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வெட்கம் கெட்டவர்கள். அன்றைக்கே மேடையில் கிளாக்கரையா ஓர் அறிவிப்பும் செய்தார். தொட்டியையும் வால்வையும் பார்த்துக்கொள்ள மாதம் நாற்பத்தைந்து ரூபா சம்பளத்தில் அழகையாவை நியமித்திருக்கிறார்களாம். சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். அழகையாவுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நாலு முழத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

சித்திரையில் ஜெயரட்ணம் பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார். பதுளை ஸ்டேஷன்வரை போய் வழியனுப்பினோம். டேலியாப் பூவில் நான்தான் மாலை கட்டினேன். ரயில் ஏறும்போது அழகையாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மை நான் மறக்கேல்லை, பாத்தீரோ? ஒரு வழி செய்துபோட்டுத்தான் போறன்" என்றார். நல்ல மனுஷர் என்று மூக்காயி கண் கலங்கினாள்.

ஆனியில் காற்று எழும்பியது. ஆடியில் எங்கள் பீலி நின்றது. நூலாக விழுவதும் இல்லை. தகரக் குழலில் குளவி கூடு வைத்தது. ஊற்றுத்தான் தொட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறதே. எங்கள் காலுக்கு அடியில் ராப்பகலாகத் தண்ணீர் போகிறது; நாங்கள் குடத்தோடு கீழ் ஆற்றுக்கு இறங்கினோம். தேயிலை ஸ்டோர் கழுவுகிற தண்ணீரும் லயத்துக் கக்கூஸ் கான் கழிவும் சேர்கிற ஆறு அது. பிள்ளைக்காம்பராவில் ஒவ்வொன்றாக வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரே கிழமையில், ஏழு நாளைக்குள், இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. ஒன்று என் மடியிலேயே போனது. பதினொரு மாதம்.

கமிட்டிக்காரர்களிடம் ஆள் அனுப்பினோம். ரெண்டாம் கட்டத்துக்குப் பணம் இல்லை, தோட்டக் கம்பனியைக் கேளுங்கள் என்றார்கள். துரையைக் கேட்டோம். தண்ணீர் இப்போது பொதுத் திட்டத்துக்குச் சொந்தம், கமிட்டியைக் கேளுங்கள் என்றார். இங்கேயும் அங்கேயும் பந்து உதைக்கிற மாதிரி எங்களை உதைத்தார்கள். அவர்களை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் கைக்கு எட்டிய தூரத்தில் அழகையா இருந்தார்.

சூடம் அணைத்தவர் அவர். ஊற்றைக் காட்டியவர் அவர். வால்வுச் சாவியும் நாற்பத்தைந்து ரூபாயும் அவரிடம். இதற்கு மேல் என்ன வேண்டும்? பொய்ச் சத்தியக்காரன் என்று லயம் தீர்மானித்துவிட்டது. மூக்காயி அடுப்புக்கு நெருப்புக் கேட்டுப் போனால் கதவைச் சாத்தினார்கள். நாவிதர் முகம் மழிக்க மறுத்தார். ஒரு நாள் அழகையா பொறுக்க முடியாமல் தொட்டியின் கழிவு வால்வைத் திறந்து தண்ணீரைப் பழைய வாய்க்காலில் விட்டார். ஓடிப்போய் எல்லோரும் குடம் பிடித்தோம். பிடித்துக்கொண்டே, "தின்ன காசு உறுத்துது போல" என்று அவருக்குக் கேட்கும்படி பேசினோம். அரை மணி நேரத்தில் கடைவீதியிலிருந்து ஆள் வந்து வால்வை அடைத்து, இன்னொரு தரம் திறந்தால் பொலிஸில் கொடுப்போம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். தொட்டி மூடிக்கும் கழிவு வால்வுக்கும் புதுப் பூட்டுப் போட்டார்கள்.

புரட்டாசியில் அவர் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். தாடி நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. "தங்கச்சி, பணத்த ஷுக்ரி மொதலாளி தின்னுட்டாருன்னு பேசிக்கிறாங்க. அவரு கடை இப்ப பதுளையில. போயி நேர கேக்கப் போறேன். காயிதம் கீயிதம் காட்டுனா எனக்குப் படிக்கத் தெரியாது. நீ ஒரு நாளு வா."

மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லி லீவு எடுத்துக்கொண்டு போனேன். பதுளைக் கடைத்தெருவில் ஷுக்ரி முதலாளி எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, பின்னறையில் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க என்னத்தக் கேக்க வந்தீங்கன்டு எனக்குத் தெரியும். அல்லாஹ் மேல ஆணையா ஒரு சதம் சல்லி நான் திங்கல்ல. எல்லாம் குழாய்க்குத்தான் போன. ஆனா உங்களுக்கு ஒன்டு காட்டோணும். நாலு வருஷமா என்ட நெஞ்சில கெடக்கு" என்று இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஜெயரட்ணத்தின் கையெழுத்து எனக்குத் தெரியும். என் வேலைக் கடுதாசியை எழுதிய கை. சத்தமாகப் படித்தேன்.

"அன்பின் முதலாளி அவர்களுக்கு. லயத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாதபடியால் திட்டத்தில் அவர்களுக்குக் குழாய் இல்லை என்று மேலிடத்தில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். எனினும் தலைக்கணக்கும் சனத்தின் பங்குப் பணமும் அவர்கள் இல்லாமல் நிறைவேறாது. ஆகையால் இதை இப்போது வெளியில் விட வேண்டாம். ஊற்றை அறிந்தவன் அழகையா என்று ஒருவன். சூதுவாது தெரியாதவன். அவனைக்கொண்டு பேசுவித்தால் மற்றவர்கள் கொடுப்பார்கள். பிறகு அவனுக்கு ஏதும் ஒழுங்கு செய்துவிடலாம்."

தேதி ஐம்பத்துமூன்று பெப்ரவரி பதினொன்று. கோயில் வாசலில் சூடம் அணைத்ததற்குப் பதினாறு நாள் முன்னால்.  வேலிக்கு வெளியே சப்பாத்தோடு நின்றபோது அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். என் பத்தொன்பது பிள்ளைகளையும் எண்ணி எழுதியபோதும் தெரியும். நான் கட்டிய மாலைக்குக் கழுத்தை நீட்டியபோதும் தெரியும்.

"நானும் வாய மூடிட்டு இருந்தன். எனக்கும் கடைக்குத் தண்ணி வேணும்தானே. பொய் சொல்லல்ல" என்றார் ஷுக்ரி முதலாளி. கடிதத்தைக் கேட்டேன். தலையை ஆட்டினார். "தர ஏலாது தங்கச்சி. கவர்மெண்ட் குழாய் கொந்தராத்து என்ட கையில ஈக்கி. நீங்க படிச்சிட்டீங்க, அது போதும்."

பஸ்ஸில் திரும்பும்போது அழகையா அழுவார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்திருந்தது. மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

"அப்ப நான் பொய் சத்தியம் பண்ணலல்ல தங்கச்சி? ஏமாந்துதானே போயிருக்கேன்?"

"ஆமாண்ணே."

"அது போதும். சனத்துக்கிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ படிச்சவ. நீ ஒருத்தி சொன்னா போதும்."

"சொல்றேன்ணே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தக் கிழமையே சொல்லியிருக்கலாம். நல்ல நேரம் பார்த்துச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். பத்து நாள் கழித்து, காலைப் பெரட்டில், ஆட்கள் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற களத்தில், புதிய பெரிய கிளாக்கர் இரகுநாதன் வந்து நின்றார். கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும் பக்கத்தில் நின்றார்கள். நான் பால்மா டின்னோடு ஓரத்தில் நின்றேன். லயத்துக்குக் குழாய் இழுக்க ரெண்டாம் கட்டம் தொடங்குகிறதாம், இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு பேர் பிடிக்கப் போகிறார்களாம். சனம் முணுமுணுத்தது. ஆனால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த சனம். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அழகையா சொன்னார். வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார்.

"குடுக்காதீங்க. மொதல்லயே லயத்துக்குக் குழா இல்லன்னு எழுதி வச்சிட்டுத்தான் நம்மகிட்ட வந்திருக்காங்க. என்னையும் ஏமாத்திட்டாங்க. காயிதம் ஷுக்ரி மொதலாளிகிட்ட இருக்கு."

"நீ கண்டியா?" என்றார் கணக்கப்பிள்ளை. "ஒனக்குத்தான் கையெழுத்தே போடத் தெரியாதே."

"ராசமணி படிச்சா. என் முன்னாடி படிச்சா. தங்கச்சி, சொல்லு."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரகுநாதன் கிளாக்கரையாவும் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. "பத்து நாளைக்கு முன்னம் நீர் ஆஸ்பத்திரிக்கெண்டு தானே லீவு எடுத்தனீர்?" என்று மட்டும் கேட்டார்.

பொய் லீவு. அதற்கு வேலை போகும். வேலை போனால் காம்பரா போகும். என் மகள் பக்கத்தில் நின்றாள். இதெல்லாம் நான் அப்போது யோசித்ததா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதா என்று இப்போது தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தாங்க போனேன். காயிதம் ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். கவ்வாத்துக்காரர் காறித் துப்பினார், அது அழகையாவின் காலடியில் விழுந்தது. அழகையா என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். அவருக்குத்தான் வாய் நிறையத் திட்டு இருக்குமே. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு வரிசைக்குத் திரும்பிப் போய் நின்றார். அவர் பேரைக் கணக்கப்பிள்ளை கூப்பிடவில்லை.

ஆறு மாதமும் பேர் பிடித்தார்கள். எல்லோரும் கொடுத்தோம்.

தோட்டத்தில் கலகம் பண்ணினார் என்று அழகையாவுக்கு வேலை நிறுத்திய பத்துச்சீட்டுக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூக்காயியின் தம்பி இருந்தான். ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, ஒரு கோழி. போகிற வழி பிள்ளைக்காம்பரா வாசலைத் தாண்டித்தான். மூக்காயி நிற்காமல் போய்விட்டாள். அவர் நின்றார். என்ன கேட்டாலும் காலில் விழுந்துவிடுவது என்று நான் வாசற்படியில் காத்திருந்தேன்.

"கீழாத்துத் தண்ணிய அப்பிடியே பிள்ளைகளுக்குக் குடுத்துறாத தங்கச்சி" என்றார். "கொதிக்க வச்சு, ஆற வச்சுக் குடு."

பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார். அறுபதில் அவர் அங்கேயே செத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். போகவில்லை.

அறுபத்தொன்றில் ரெண்டாம் கட்டம் வந்தது. பத்துக் காம்பராவுக்கு ஒரு குழாய் இல்லை. முழுத் தோட்டத்துக்கும் ஒரே ஒரு குழாய். வருகிற போகிற பெரிய மனிதர்கள் பார்க்க வசதியாகப் பிள்ளைக்காம்பரா வாசலில் வைத்தார்கள். திறப்பு அன்றைக்கு இரகுநாதன் கிளாக்கரையா கூட்டத்தைப் பார்த்து, "எங்கட இராசமணிதான் திறக்கவேணும். நல்ல விசுவாசமான மனுஷி" என்றார். சனம் கை தட்டியது. கவ்வாத்துக்காரரும் தட்டினார். நான் முன்னால் போய்த் திறந்தேன். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.